அந்தமானில் வயர்லெஸ் அலாரம்: கரண்டும் நெட்டும் போனால் உங்கள் வீட்டுக்குக் காவல் எது?

உங்களுக்கு வேலை சென்னையிலோ பெங்களூரிலோ. அப்பா அம்மா இருப்பது ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது 2024 செப்டம்பர் வரை நாம் போர்ட் பிளேர் என்று அழைத்த ஊரில். அல்லது உங்களுக்கே அங்கே போஸ்டிங். லீவுக்கு ஊருக்கு வரும்போது வீட்டை மூன்று வாரம் பூட்டிவிட்டு வர வேண்டியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் இருந்தவர்கள் சுமார் 3.8 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய 15 சதவீதத்தினருக்குத் தாய்மொழி தமிழ். ஆகவே இந்தக் கவலை நிறைய தமிழ் வீடுகளுக்கு உண்டு.

ஆன்லைனில் தேடினால் 'வயர்லெஸ் செக்யூரிட்டி கிட்' வரிசையாக வருகிறது. கதவுக்கு ரெண்டு சென்சார், ஹாலுக்கு ஒன்று, ஒரு ரிமோட், ஒரு சைரன், ஒரு ஆப். பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம் என்கிறது விளம்பரம். மாட்டிவிடலாம்தான். ஆனால் அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் மனதில் இருந்த வீட்டில் கரண்ட் போகாது, வைஃபை நிற்காது, சுவர் வியர்க்காது. அந்தமான் வீட்டில் இந்த மூன்றுமே நடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் அலாரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி மாட்டுவது, எதைச் சோதிப்பது என்று பார்ப்போம்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு வயர்லெஸ் அலாரத்தில் இரண்டு தனித்தனி ரேடியோ இணைப்புகள் இருக்கின்றன. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பாதிப் பிரச்சினை.

முதலாவது வீட்டுக்குள்ளேயே இருப்பது. கதவில் ஒட்டும் சின்னப் பெட்டிக்குள் ஒரு ரீட் சுவிட்ச், ஒரு டிரான்ஸ்மிட்டர், ஒரு பேட்டரி செல் இருக்கும். எதிரே ஒரு காந்தம். கதவு திறந்து காந்தம் விலகியதும் டிரான்ஸ்மிட்டர் தன் அடையாள எண்ணோடு 'திறந்தது' என்று ஒரு சிறு செய்தியை அனுப்பும். ஆள் நடமாட்டத்தை உடல் வெப்பத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் பிஐஆர் சென்சாரும் இதே வேலையைத்தான் செய்கிறது. இந்தச் செய்தியைக் கேட்பது ரிசீவர். அது பேனலுக்குள்ளேயே இருக்கலாம். பழைய வயர்டு பேனல் இருக்கும் வீட்டில் தனி மாட்யூலாக வாங்கி இணைக்கவும் செய்யலாம். ரிசீவர் கேட்டதும் பேனல் சைரனை அலற விடும்.

இரண்டாவது இணைப்பு வீட்டிலிருந்து வெளியே போவது: சிம் வழியாக, அல்லது பிராட்பேண்ட் வழியாக உங்கள் போனுக்கு. ஆப்பில் அழகாகத் தெரிவது இந்த இரண்டாவது இணைப்பு. திருடனை ஓட வைப்பது முதலாவது. என் கருத்தில், அந்தமானில் வாங்குபவர் பணத்தையும் நேரத்தையும் முதல் இணைப்புக்குத்தான் செலவிட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

2,300 கிலோமீட்டர் கேபிள்

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடி ஆப்டிகல் ஃபைபர் கேபிள் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கும், அங்கிருந்து ஸ்வராஜ் தீவு (பழைய ஹேவ்லாக்), ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் போன்ற இடங்களுக்கும் அது போகிறது. அதற்கு முன்பு தீவுகளின் இன்டர்நெட் முழுக்க சாட்டிலைட்டை நம்பி ஓடியது. ஒரு வாட்ஸ்அப் படம் டவுன்லோட் ஆவதற்குள் டீ ஆறிப்போகும் காலம் அது. கேபிள் வந்த பிறகு நிலைமை மிகவும் மாறிவிட்டது. ஆனாலும் மெயின்லேண்டுக்கும் தீவுகளுக்கும் நடுவில் இருப்பது கடலும் ஒரு கேபிளும். அதில் கோளாறு வந்தால் மறுபடி சாட்டிலைட்டின் குறுகிய பாதைதான்.

இப்போது உங்கள் கிட்டைப் பாருங்கள். கதவு திறந்த செய்தி வீட்டு ரவுட்டர், கேபிள், எங்கோ இருக்கும் சர்வர் வரை போய், அங்கே முடிவாகி, திரும்பி வந்துதான் சைரன் அடிக்குமா? சில மலிவு வைஃபை சென்சார்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன. அவற்றில் தனி ரிசீவரே கிடையாது. ஒவ்வொரு சென்சாரும் நேராக ரவுட்டரோடு பேசும். ரவுட்டருக்குக் கரண்ட் போனால் எல்லாம் ஊமை. வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "நெட் இல்லாதப்போ சைரன் அடிக்குமா?" பதில் 'ஆமாம்' என்று வந்தால் மேலே பேசலாம்.

கரண்ட் விஷயமும் இப்படித்தான். தீவுகளின் மின்சாரம் தேசிய கிரிட்டோடு இணைந்ததல்ல. பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது, கொஞ்சம் சோலார். எனவே பேனலின் பேக்கப் பேட்டரியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேனல், ரிசீவர், சிம் மாட்யூல் மூன்றும் சேர்ந்து 150 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் காகிதத்தில் 46 மணி நேரம். பழசான பேட்டரியில் அதில் பாதி. மலிவு கிட்டுக்குள் இருக்கும் 500 மில்லிஆம்பியர் ஹவர் செல்லோ, 100 மில்லிஆம்பியர் இழுத்தாலே 5 மணி நேரத்தில் காலி. மூன்று வாரம் பூட்டிக்கிடக்கும் வீட்டில் புயல் மழைக்கு ஒரு ராத்திரி கரண்ட் போனால் போதும்.

கம்பியையும் டவரையும் நம்பாத ரேடியோ என்ன செய்யும் என்பதற்குத் தீவுகளிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் அமெச்சூர் ரேடியோ குழு ஒன்று போர்ட் பிளேருக்கு வந்திருந்தது. வியுஃபோர்ஆர்பிஐ என்ற அழைப்புக் குறியீட்டில் உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதற்காக வந்தவர்கள். 26-ஆம் தேதி சுனாமி வந்து தொலைத்தொடர்பு அறுந்தபோது, பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த அதே செட்கள்தான் தீவுகளுக்கும் மெயின்லேண்டுக்கும் இடையே அவசரத் தகவல்களைக் கொண்டுபோயின. வீட்டு அலாரத்தின் அளவு வேறுதான். ஆனாலும் வெளியே எல்லாம் நின்ற பிறகும் தன்னளவில் ஓட வேண்டும் என்ற தேவை ஒன்றே.

பெட்டியில் அச்சிட்ட அந்த எண்

சென்சாரின் பின்பக்கம் 433, 868, 915 என்று ஏதாவது ஒரு மெகாஹெர்ட்ஸ் எண் இருக்கும். பெரும்பாலோர் இதைப் பார்ப்பதே இல்லை. பார்க்க வேண்டும். இந்தியாவில் எந்த அலைவரிசையில் லைசன்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட் செய்யலாம் என்பதைத் தீர்மானிப்பது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு.

433–434 மெகாஹெர்ட்ஸுக்கு 2012-இல் விலக்கு வந்தது: கட்டிடத்துக்குள் பயன்படுத்த, 10 மில்லிவாட் வரை. வீட்டுக்குள் இருக்கும் கதவு, ஜன்னல் சென்சாருக்கு இது சரி. காம்பவுண்டு கேட்டில் மாட்டுவதற்கு இந்த விதி பொருந்தாது. 865–867 மெகாஹெர்ட்ஸுக்கு 2005-இல் விலக்கு கிடைத்தது. 2021-இல் அது 868 வரை நீட்டப்பட்டது. வெளியேயும் சேர்த்து மாட்ட நினைப்பவர்களுக்கு இதுதான் நல்ல இடம். 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது வைஃபையும் ஜிக்பீயும் ஓடும் பகுதி, எல்லோருக்கும் தெரிந்தது.

சிக்கல் எங்கே என்றால், ஐரோப்பாவுக்காகச் செய்த '868' கருவிகள் பல 868-க்குச் சற்று மேலே இயங்குகின்றன. இசட்-வேவ் எடுத்துக்கொள்ளுங்கள்: ஐரோப்பாவில் 868.42, அமெரிக்காவில் 908.42, இந்தியாவில் 865.2 மெகாஹெர்ட்ஸ். பெயரும் தோற்றமும் ஒன்று, ரேடியோ வேறு. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ உறவினர் வாங்கி வந்த சென்சார் இங்குள்ள ரிசீவரோடு பேசாது என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், 902–928 பகுதியில் இயங்கும் அமெரிக்கக் கருவி நம் நாட்டு மொபைல் போன்கள் டவரை நோக்கிப் பேசும் 880–915 பகுதியில் போய் விழலாம். 315, 345 மெகாஹெர்ட்ஸ் கிட்களும் இங்கே வீட்டு அலாரத்துக்கான பேண்டுகள் அல்ல. இந்தியாவின் முதல் முப்படைக் கூட்டுக் கட்டளையகம் 2001 முதல் இயங்கும் ஊரில் அனுமதியில்லாத டிரான்ஸ்மிட்டரை இரவும் பகலும் ஓட விடுவது புத்திசாலித்தனம் இல்லைங்க. பெட்டியிலோ மேனுவலிலோ டபிள்யூபிசியின் இடிஏ, அதாவது கருவி வகை ஒப்புதல் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று: பேனலின் சிம்முக்கு சிக்னல் வீக் என்று மொபைல் சிக்னல் பூஸ்டர் வாங்கி மாட்டாதீர்கள். தனியார் அதை வைத்துக்கொள்வது சட்டவிரோதம். பேனலோடு வரும் வெளி ஆன்டெனாவை ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள்; பல வீடுகளில் அதுவே போதும். பேனல் 2ஜி மட்டும் தெரிந்ததா, 4ஜி தெரிந்ததா என்பதையும் கேளுங்கள். ஜியோவில் 2ஜி கிடையாது, எனவே 2ஜி பேனலில் ஜியோ சிம் போட்டால் அது சும்மா உட்கார்ந்திருக்கும்.

'100 மீட்டர்' என்றால் எவ்வளவு?

அட்டையில் எழுதிய தூரம் திறந்த மைதானத்துக்கானது. வீட்டுக்கு ஒரு கணக்கு போடுவோம். 10 மில்லிவாட்டில் அனுப்பும் சிக்னல் வழியில் சுமார் 115 டெசிபல் இழந்தாலும் நல்ல ரிசீவர் கேட்டுவிடும். 433 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் வெறும் காற்றே 51 டெசிபலைத் தின்றுவிடுகிறது. மிச்சம் 64. செல் வீக் ஆவது, மழை ஈரம், ஆள் குறுக்கே நிற்பது என்று 20-ஐக் கையிருப்பாக ஒதுக்கினால் சுவர்களுக்கு மீதம் 44. கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் ஒன்றுக்கு 10 முதல் 15 என்று வைத்தால் மூன்று சுவர், மிஞ்சிப்போனால் நான்கு. பத்து டெசிபல் என்பது பத்து மடங்கு என்பதை மறக்க வேண்டாம். ஒரே ஒரு சுவர் கூடினாலும் நிலைமை தலைகீழாகும்.

அந்தமானில் பல வீடுகள் பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்டவை. பலகை ரேடியோவுக்குப் பெரிய தடையே இல்லை. தகரம் அப்படியல்ல, அலையை ஏறக்குறைய முழுசாகத் திருப்பி அனுப்பிவிடும். தகரம் அடித்த சுவருக்கு அப்பால் இருக்கும் ஸ்டோர் ரூமிலிருந்து சிக்னல் ஜன்னல், கதவு இடுக்கு வழியாகத்தான் வந்தாக வேண்டும். எனவே ரிசீவரைத் தகரச் சுவரிலோ, கூரைக்கு ஒட்டியோ, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், மீட்டர் போர்டு பக்கத்திலோ வைக்காதீர்கள். சென்சார்கள் பரவியிருக்கும் பரப்பின் நடுவே, தலை உயரத்தில், வெளியிலிருந்து கண்ணில் படாத உள் சுவர் ஒன்றைப் பாருங்கள்.

ரிசீவரின் ஆன்டெனா கம்பியைச் சிலர் 'அசிங்கமா தொங்குது' என்று சுருட்டி உள்ளே திணிப்பார்கள், அல்லது வெட்டுவார்கள். அதன் நீளம் அலைநீளத்தின் கால் பங்கு: 433-க்குச் சுமார் 17 சென்டிமீட்டர், 866-க்குச் சுமார் 8.7. வெட்டினால் ரிசீவரின் காது போச்சு.

மாட்டும் நாள்

எல்லாவற்றையும் முதலில் மேஜை மேல் பரப்புங்கள். சுவரில் துளை போடுவது கடைசி வேலை.

பழைய பேனலில் ரிசீவர் மாட்யூல் சேர்ப்பதாக இருந்தால் மெயின் சப்ளையை நிறுத்தி, பேட்டரி முனையையும் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். பேட்டரியை மறந்து வயரை மாற்றி மாட்டினால் மாட்யூல் புகையும். மேனுவலில் காட்டியபடி பவர், கிரவுண்ட், டேட்டா வயர்களை இணையுங்கள். 230 வோல்ட் வயரோடு ஒரே பைப்பில் இழுக்காதீர்கள். பிறகு சென்சார்களை ஒவ்வொன்றாகப் பேனலுக்கு அறிமுகப்படுத்துங்கள். பட்டனை அழுத்தியோ சீரியல் எண்ணைப் பதிந்தோ செய்யலாம். ஒன்று பதிவானதும் அதன் மேல் 'பின் கதவு', 'மாடி ஜன்னல்' என்று லேபிள் ஒட்டிவிட்டு அடுத்ததை எடுங்கள். இரண்டு பெட்டி இடம் மாறினால் ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா தவறான அறைக்குப் போய்ப் பார்ப்பார்.

அடுத்து, டபுள் டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, வீட்டுக் கதவுகள் அனைத்தையும் மூடிவிட்டு சிக்னல் அளவைப் பாருங்கள். பேனலில் அளவு காட்டாவிட்டால் பத்து முறை திறந்து மூடுங்கள். பத்தும் பதிவாக வேண்டும். எட்டு வந்தாலே இடத்தை மாற்றுங்கள்; ஒரு அடி நகர்த்தினால் சரியாகிவிடுவது சகஜம்.

கதவில் டிரான்ஸ்மிட்டரை நிலையிலும் காந்தத்தை ஆடும் கதவிலும் பொருத்துங்கள். இங்கே மரக்கதவு மழைக்காலத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். ஸ்ரீ விஜயபுரத்தில் ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர், சென்னையைப் போல இரண்டு மடங்கு. மார்ச்சில் 5 மில்லிமீட்டர் இருந்த இடைவெளி ஜூலையில் வேறாக இருக்கும். அதனால் காந்தத்தை எல்லைத் தூரத்தில் வைக்காமல் நெருக்கி வையுங்கள். இரும்புக் கதவாக இருந்தால் நேரடியாக ஒட்டாமல் ஒரு சென்டிமீட்டர் பிளாஸ்டிக் கட்டை வைத்து ஒட்டுங்கள். ஸ்க்ரூ சாதாரண இரும்பு வேண்டாம். கடலோர வீட்டுக்கு 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உப்புக் காற்று முதலில் கடிப்பது ஸ்க்ரூவையும் செல் வைக்கும் ஸ்பிரிங்கையும்தான்.

பிஐஆர் சென்சாரைச் சோதிக்கும்போது பலர் ஏமாறுவது ஓரிடத்தில். பேட்டரி மிச்சம் பிடிக்க, ஒரு முறை ஆளைக் கண்டதும் பல சென்சார்கள் சில நிமிடம் தூங்கிவிடும். அந்த நேரத்தில் நீங்கள் எதிரே டான்ஸ் ஆடினாலும் அசையாது. பழுது இல்லை, 'வாக் டெஸ்ட்' முறையில் வைத்துச் சோதியுங்கள். இன்னொன்று, பிஐஆர் பார்ப்பது உடலுக்கும் பின்னணிக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை. அறையே 32, 33 டிகிரிக்குப் போகும் மதியத்தில் அதன் கண் மங்கும். பல்லி லென்ஸ் மேல் ஊர்ந்தால் பொய் அலாரமும் வரும். ஆகவே பிஐஆரை மட்டும் நம்பாமல் கதவு சென்சாரை முதல் வரிசையாக வையுங்கள்.

நேரம் அமைப்பதில் சென்னைப் பழக்கம் உதவாது. தீவுகளிலும் இந்திய நேரம்தான், ஆனால் சூரியன் கிழக்கே வெகு முன்னால் போய்விடுகிறது. நவம்பரில் 5 மணிக்கு முன்பே அஸ்தமனம். 'மாலை 6.30-க்கு ஆட்டோ ஆர்ம்' என்று வைத்தால் ஒன்றரை மணி நேர இருட்டைக் காவலில்லாமல் விடுகிறீர்கள்.

கேட்காமல் போனது தெரியுமா?

மலிவுக்கும் நல்லதுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இங்கே. மலிவு சென்சார் கதவு திறந்தால் மட்டும் பேசும். அது செத்துப் போனாலும், யாராவது கழற்றி எறிந்தாலும், பேனலுக்கு அது அமைதியாக மூடியிருக்கும் கதவுதான். நல்ல அமைப்பில் ஒவ்வொரு சென்சாரும் குறிப்பிட்ட இடைவெளியில் 'இருக்கேன்' என்று ஒரு செய்தி அனுப்பும். இதை 'சூப்பர்விஷன்' என்பார்கள். செய்தி வராவிட்டால் பேனல் புகார் சொல்லும். பூட்டிய வீட்டுக்கு இது இல்லாத கிட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது கோட். இவி1527 போன்ற சிப் உள்ள ரிமோட் எப்போதும் ஒரே எண்ணையே அனுப்பும். அடுத்த தெருவில் நின்று அதைப் பதிவு செய்து திருப்பி அனுப்பினால் அலாரம் ஆஃப். ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறும் ரோலிங் கோட், அல்லது என்கிரிப்ஷனோடு இருவழியும் பேசும் சென்சார் இருந்தால் இது நடக்காது. பெரிய பிராண்ட் என்பதாலும் நிம்மதி அடைய முடியாது. 2016-இல் அமெரிக்காவில் பிரபலமான சிம்பிளிசேஃப் அலாரத்தின் கீபேட் அனுப்பும் செய்தியைப் பதிவு செய்து மறுபடி ஒலிபரப்பியே அதை அணைக்க முடியும் என்று ஐஓஆக்டிவ் நிறுவனத்தின் ஆய்வாளர் காட்டினார்.

செல் விஷயத்தில் முன்னேற்பாடு தேவை. லித்தியம் செல்களை விமானத்தில் சரக்காக அனுப்பக் கட்டுப்பாடுகள் இருப்பதால், தீவில் 'நாளைக்கே டெலிவரி' என்று எண்ண வேண்டாம். சிஆர்123ஏ, சிஆர்2032 எதுவானாலும் ஒரு செட் கூடுதலாக, அதன் கவரோடு, ஈரம் படாத டப்பாவில் வைத்திருங்கள். லோ பேட்டரி எச்சரிக்கை வந்த சென்சாரை மட்டும் மாற்றாமல், ஒரே நாளில் மாட்டியவை அனைத்தையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. பேனலின் 12 வோல்ட் பேட்டரி இந்த வெக்கையில் இரண்டு, மூன்று வருடம்தான் தாங்கும்.

போன் எண்கள் பதியும்போது உங்கள் எண்ணை முதலில் போடாதீர்கள். சென்னையில் இருந்துகொண்டு நீங்கள் செய்யப்போவது திரும்ப யாரையாவது அழைப்பதுதான். முதல் எண் பக்கத்து வீடு, இரண்டாவது அதே தெருவில் சாவி வைத்திருப்பவர், அப்புறம் நீங்கள். 112-ஐத் தானாக டயல் செய்யும்படி வைக்க வேண்டாம். பல்லிக்காகப் போலீஸ் வந்தால் அடுத்த முறை அவசரம் இருக்காது. வந்து பார்த்த ஆள் போன் செய்யட்டும்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒன்று, முடிந்த பின் ஒன்று என வருடம் இரண்டு முறை ரவுட்டரையும் மெயின் சுவிட்சையும் நீங்களே அணைத்துவிட்டு, அமைப்பை ஆர்ம் செய்து, ஒவ்வொரு கதவாகத் திறந்து பாருங்கள். அதற்கு முன்னாடி பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சத்தம் அவர்களுக்கும்தான் கேட்கும்.